குனிந்தால் தெரியும் கண்

அக்கா, நேற்று நர்சரிப் பக்கமாக ஒருத்தி ரப்பர் பால் கேனைத் தூக்கிக்கொண்டு போனாள். பால் உறையாமல் இருக்க விடுகிற அமோனியா மருந்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டாள் போல. மூக்கைப் பிடுங்கும் அந்த வாசம் எங்கள் கொட்டகைக்குள் வந்து நின்றது. கூட இருந்து நாற்றுப் பைக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்குக் கை ஓடவில்லை. பால் வெட்டி முடிந்து, வாளியைக் கொடுத்துவிட்டு வெயில் ஏறும் நேரத்தில் லயத்து வரிசை வீட்டுக்கு வருவீர்களே, உங்களுக்கு முன்னால் இந்த வாசம்தான் வீட்டுக்குள் வரும். "அக்கா வந்துட்டாங்க, சோத்தை வடி" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நேற்றும் வாய்வரை வந்துவிட்டது.

சலிப்பாக இருக்கிறது அக்கா. உங்களை நினைத்து அழுததெல்லாம் போதும் என்று ஆகிவிட்டது. இப்போது உங்களை நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்கள் இருந்தபோது உங்களிடம் எதைச் சொல்ல முடிந்தது? பாதி சொல்லும்போதே சிரித்து மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே குறுக்கே பேச உங்களால் முடியாது பாருங்கள்.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு நமக்கு முகஜாடை தேவைப்படவில்லை, கண்ணாடியே போதும். லயத்தில் யார் நம் பெயரைச் சொன்னார்கள்? நீங்கள் பெரிய சோடாப்புட்டி, நான் சின்ன சோடாப்புட்டி. கண்ணாடியைக் கழற்றினால் ஒரு சாணுக்கு அப்பால் எல்லாம் கஞ்சித் தண்ணீராகக் கலங்கிவிடும். ஆனால் அந்த ஒரு சாணுக்குள் நம்மை அடிக்க ஆள் இல்லை. எறும்பு ஊர்ந்தால் அதன் கால் தெரியும். எனக்கு அது தையலுக்கு உதவியது. உங்களுக்கு ரப்பர் மரத்துக்கு. அதிலும் உங்கள் இடது கண் பிறந்ததிலிருந்தே பேருக்குத்தான். பார்த்ததெல்லாம் வலது கண் ஒன்றுதான்.

நீங்கள் மரத்தடிக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவது. பிறகு மூக்கு பட்டையில் உரசுமோ என்கிற அளவுக்குப் போய்விடுவீர்கள். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் இல்லை. "பட்டையைக் கண்ணால வெட்டணும்டி, கை சும்மா பின்னால வரணும்" என்பீர்கள். உங்கள் மரத்தில் காயம் இருந்ததாகக் கங்காணி ஒரு நாளும் சொன்னதில்லை. எல்லாரிடமும் எரிந்து விழுகிற அந்த மனுஷன் உங்களிடம் மட்டும் சாப்பாடு ஆச்சா என்று கேட்பார்.

நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச காலத்திலேயே அந்த ஒற்றைக் கண்ணில் வெள்ளை விழுந்தது. இந்த மாதிரிக் கண்ணுக்குக் கெட்டரக்ட் சீக்கிரம் வருமாம். ஒபரேஷன் செய்து உள்ளே லென்ஸ் வைத்தார்கள். கட்டு அவிழ்த்துத் திரும்பி வந்த அன்று, அவிசாவளையில் பஸ் ஏறியதிலிருந்து நீங்கள் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. தெஹியோவிட்டை வருகிற வரைக்கும் ஒரே பேச்சுதான்.

"ஏன்டி, இந்த மலையில இவ்வளவு மரமா இருந்துச்சு? தனித்தனியா நிக்குதுடி எல்லாம்! ஒட்டிக்கிட்டு இருக்குன்னுல்ல நெனச்சேன்!"

"மெதுவாப் பேசுங்கக்கா, பஸ்ஸே பாக்குது."

"பாக்கட்டும். நானும்தான் அவங்களைப் பாக்குறேன்."

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் தூரம் கிடைத்த கையோடு கிட்டம் போய்விட்டது. முன்பு மரத்தடியில் கண்ணாடியைக் கழற்றியவர், இப்போது மரத்தடியில் கண்ணாடியை மாட்ட வேண்டியதாயிற்று. எல்லாம் தலைகீழ் என்று நீங்களே சிரித்தீர்கள். கொஞ்ச நாள் கை தடுமாறியது, பிறகு பழகிக்கொண்டீர்கள். அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கண் ஒரு தொந்தரவும் தரவில்லை. உள்ளே வைத்தது உள்ளேயே இருக்கும், செத்தால் நம்மோடு வரும் என்றுதான் நினைத்திருந்தோம். வைத்த லென்ஸ் வருஷக்கணக்காகக் கழித்து இடம் விட்டு நகரும் என்று யாருக்குத் தெரியும்?

பிறகு அத்தான் போனார். ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. கருமாதி முடியும்வரைக்கும் வீடு நிறைய ஆட்கள். அவர்கள் போன பிறகுதான் வீட்டைப் பற்றிய பயம் வந்தது. இது தோட்டத்து வீடு. வீட்டில் ஒருத்தருடைய பெயராவது தோட்டத்துச் செக்ரோல் பட்டியலில் இருக்க வேண்டும். வேலைக்குப் பெயர் இல்லாத வீட்டை எங்களுக்குத் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு வர ஆட்கள் எப்போதும் உண்டு. அத்தானுக்குப் பிறகு மிஞ்சியது உங்கள் பெயர் ஒன்றுதான். உங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணமே இல்லை, வந்தவர்கள் எல்லாம் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியோடு போய்விட்டார்கள். நான் தையல் மெஷினை மிதித்துக்கொண்டு உங்கள் நிழலில் கிடந்தேன்.

நீங்கள் தலை குனிந்து நடக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் குனிந்த தலை, கோயிலுக்குப் போனாலும் குனிந்த தலை. எதிரே வருகிறவர்கள் பேச்சுக் கொடுத்தால் அவர்கள் கால் விரலைப் பார்த்துப் பதில் சொல்வீர்கள். லயமே பரிதாபப்பட்டது. "புருஷன் போனதுலேர்ந்து அந்தப் பொம்பளைக்குத் தலை நிமிரலையே" என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி என்னிடம் வந்து கண் கலங்கினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தாலி இறங்கிய பொம்பளை குனிந்து நடந்தால் ஏன் என்று கேட்கிற ஊரா இது? நிமிர்ந்து நடந்தால்தானே கேட்பார்கள்.

கால் அடிக்கடி இடறியது. படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்தீர்கள். தலை சுற்றுகிறது என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனீர்கள். தலைச் சுற்றல் என்றால் அங்கே மருந்து கொடுக்கிறவர் என்ன செய்வார் பாவம், பிரஷர் பார்த்தார். கொஞ்சம் கூடத்தான் இருந்தது. இந்த வயதில் யாருக்கு இல்லை? மாத்திரை வந்தது, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நான் உங்களுக்குத் தனியாக உப்பில்லாத குழம்பு வைத்தேன். அதையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டீர்களே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. கண் என்ற ஒரு வார்த்தையை மட்டும் யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை.

வேலையில் பிடிபடாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. அப்போது உங்கள் மரங்களில் வெட்டு இறங்கி இறங்கி முழங்காலுக்குக் கிட்டே வந்திருந்தது. நாள் முழுக்கக் குனிந்து வெட்டுகிற வேலை. குனிந்திருக்கிறவரைக்கும் உங்களுக்குப் பட்டை தெளிவாகத் தெரிந்தது. பிறகு மரத்தின் மறுபக்கத்தில் புதுப் பட்டை திறந்தார்கள், வெட்டு நெஞ்சு உயரத்துக்கு ஏறியது. அப்பாடா, இடுப்பு பிழைத்தது என்று எல்லாருக்கும் சந்தோஷம். நீங்கள் மட்டும் மரத்துக்கு மரம் கல் அடுக்க ஆரம்பித்தீர்கள். நான் தேத்தண்ணி கொண்டு வந்த அன்று பார்க்கிறேன், கல்லின் மேல் ஏறி நின்று, அங்கிருந்து கீழே குனிந்து, நெஞ்சு உயர வெட்டை வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

"இது என்னக்கா கூத்து?"

"அட்டை கடிக்குதுடி. கல்லு மேல நின்னா ஏறாது."

"அட்டைக்குக் கல்லு ஏறத் தெரியாதாக்கும்?"

"தெரியாது. நீ போய்ச் சொல்லிக் குடு."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். உங்கள் வாய்க்கு முன்னால் என்றைக்கு நான் ஜெயித்திருக்கிறேன்?

மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. பல வருஷம் கழித்து நடக்கிற காரியம், தோட்டமே திரண்டிருந்தது. கீழே ரோட்டோரத்துச் சிங்கள ஆட்களும் வெள்ளை உடுப்பில் வந்து நின்றார்கள். ஐயர் குடத்தோடு சாரத்தில் ஏறினார். மேளம் உச்சத்துக்குப் போனது. கலசத்தில் தண்ணீர் விழுந்ததும் அத்தனை பேரும் முகத்தை வானத்துக்குத் தூக்கினோம், துளியாவது முகத்தில் படட்டும் என்று. நீங்களும் தூக்கினீர்கள். மாதக்கணக்காக நிமிராத தலை அன்று நிமிர்ந்தது. என்னவோ வேண்டிக்கொண்டீர்கள், உதடு அசைந்துகொண்டேயிருந்தது. தண்ணீர் தெளித்து முடிந்து மற்றவர்கள் எல்லாம் தலையை இறக்கிய பிறகும் நீங்கள் இறக்கவில்லை.

பிறகு என் கையைப் பிடித்தீர்கள். குனிந்தீர்கள். நிமிர்ந்தீர்கள். மறுபடி குனிந்தீர்கள். கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி திரும்பத் திரும்ப அதையே செய்தீர்கள்.

"வரலையே" என்றீர்கள்.

"என்னது வரல?"

"அதுதான்டி. குனிஞ்சா வந்துரும். இன்னிக்கு வரல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்கள் விரல்கள் சில்லிட்டிருந்தன. "என் முகம் தெரியுதாக்கா?" என்று கேட்டேன். நீங்கள் என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தபடி, "சத்தம் போடாத, ஆளுங்க பாக்குறாங்க" என்றீர்கள். கண் போன நிமிஷத்திலும் ஆளுங்க! நல்லா இருக்கிறது அக்கா உங்கள் நியாயம்.

கொழும்புக்கு அனுப்பினார்கள். கிளினிக்கில் இருந்தது ஒரு சிங்கள டொக்டர், சின்ன வயசுப் பிள்ளை. "அம்மே, பய வென்ன எபா" என்று உங்கள் தோளைத் தொட்டார். பயப்படாதீர்கள் என்று சொல்லிச் சொல்லியே பயப்பட வேண்டிய அத்தனையையும் பொறுமையாக விளக்கினார். உங்களுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். ஆனாலும் அன்று நீங்கள் காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள், நான்தான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். இப்படிக் கிட்டப் பார்வை அதிகமான கண் மற்றவர்களுடையதைப் போல உருண்டையாக இல்லாமல் பின்பக்கமாக நீண்டு வளர்ந்திருக்குமாம். லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பையைச் சுற்றிலும் நூல்கள் பிடித்துக்கொண்டிருக்கும். நம் கண்ணில் அந்த நூல்கள் மெலிந்தவை. ஒபரேஷனில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், வருஷங்கள் போனபின் அவை ஒவ்வொன்றாக விட்டுவிடலாம். குனிந்தபோது லென்ஸ் முன்னால் வந்து இடத்தில் நின்றிருக்கிறது, நிமிர்ந்தபோது பின்னால் சாய்ந்திருக்கிறது. இப்போது பிடித்திருந்த மிச்சமும் விட்டுப்போய், கண்ணின் அடியில் விழுந்து கிடக்கிறது.

"தொங்கிக்கொண்டிருந்தபோதே வந்திருந்தால், அதையே தைத்து நிறுத்தப் பார்த்திருக்கலாம்" என்றார் டொக்டர். "எவ்வளவு காலமாக இப்படி?"

அதற்கு மட்டும் நீங்கள் பதில் சொன்னீர்கள். ஒரு வருஷம் இருக்கும் என்று, தரையைப் பார்த்துக்கொண்டு, சிங்களத்தில்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக உறைத்தது. குனிந்த தலை, தலைச் சுற்றல், மரத்தடிக் கல். வெளியே வராந்தாவில் வைத்து உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வெட்டை நிறுத்திருவாங்க. வெட்டை நிறுத்தினா பேரு போயிரும். பேரு போனா வீடு போயிரும். உன்னைய நான் எங்க கொண்டு போய் வைப்பேன்?"

"நான் என்ன பானையா, கொண்டு போய் வைக்கிறதுக்கு?"

சத்தம் போட்டுவிட்டேன். நர்ஸ் மிஸ்ஸி வந்து அதட்டினாள். நீங்கள் என் சேலை முந்தானையைத் தேடிப் பிடித்து இழுத்து, உட்காரு உட்காரு என்றீர்கள். உட்கார்ந்தேன். எதிரே ஒரு குடும்பம் பார்சல் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்குப் பசித்தது, அதுவும் வெட்கமாக இருந்தது.

விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தினார்கள். ஆனால் கண்ணின் பின்பக்கத் திரை கிழிந்து பிரிந்திருந்தது. நீண்ட கண்ணில் அதுவும் மெல்லியதுதானாம். அதற்கும் பார்த்தார்கள், மறுபடியும் படுக்க வைத்தார்கள். தங்களால் முடிந்ததை எல்லாம் செய்தார்கள், அதை நான் எங்கேயும் சொல்வேன். கடைசியில் உங்களுக்கு வெளிச்சம் தெரிந்தது, வாசலில் ஆள் வந்தால் நிழல் தெரிந்தது. பட்டை தெரியவில்லை.

நாம் திரும்பி வந்த அடுத்த கிழமை தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வந்தார். வீட்டைப் பற்றித்தான் என்று தெரிந்தும் தேத்தண்ணி ஊற்றினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தேத்தண்ணியை வாங்கி, என்னைக் காட்டி உங்களிடம் கேட்டார்.

"தங்கச்சி இருக்காங்கள்ல? நர்சரியில பை நிரப்ப ஆள் கேக்குறாங்க. இவங்க பேரைக் குடுத்துருவோமே."

அவ்வளவுதான் அக்கா. தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு வருஷம் நீங்கள் கல் சுமந்து, உப்பில்லாத குழம்பு சாப்பிட்டு, லயத்தின் பரிதாபத்தை எல்லாம் தலையில் வாங்கிக் காப்பாற்றிய வீடு, என் பெயரைச் சொன்னதும் நின்றுவிட்டது. ஒரு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெயரை அன்றைக்கே கொடுத்திருப்பேன். அவர் போன பிறகு இதைச் சொல்லி அழுதேன். நீங்கள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "உன்னைய வெயில்லயும் மண்ணுலயும் இறக்க மனசு வரலடி. உன் கண்ணும் என் கண்ணுதானே." என் மேல் வைத்த பாசம்தான், தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? அந்தப் பாசத்துக்கு ஒரு கண்ணைக் கொடுத்தாயிற்று.

அதற்குப் பிறகு நீங்கள் இருந்த காலத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. தடவித் தடவிச் சோறு வடித்தீர்கள். நான் வேலை விட்டு வந்தால் எண்ணெய் தேய்த்துக் காலைப் பிடித்துவிட்டீர்கள். வேண்டாம் என்றால் கோபம் வரும். இதில் ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நிமிர்ந்தாலும் ஒன்றுதான், குனிந்தாலும் ஒன்றுதான் என்று ஆன பிறகும் உங்கள் தலை நிமிரவே இல்லை.

"நிமிருங்களேன்கா. இனி விழறதுக்கு என்ன இருக்கு?"

"பழகிருச்சுடி. விடு."

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியில், த்ரீவீலிலேயே, என் மடியில் முடிந்துவிட்டது. பெட்டியில் மல்லாக்கப் படுக்க வைத்தபோதுதான் உங்கள் முகம் முழுசாக மேலே பார்த்தது. எவ்வளவு அமைதியான முகம் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். என்னால் பார்க்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இனி என் சங்கதி. நீங்கள் கண்ணோடு இருந்த காலத்திலேயே எனக்கும் லென்ஸ் வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டில் ஒரு கண் போகப் போக மங்கிவிட்டது. இன்னொன்றை வைத்துத்தான் பிழைப்பு. போன மாதம் பைகளை அடுக்கிவிட்டு நிமிர்ந்தேன், நாற்று வரிசை ஆடியது. கண்ணை மூடித் திறந்தேன், ஒவ்வொரு நாற்றும் இரண்டாக நின்றது. குனிந்தேன். எல்லாம் ஒழுங்காக ஒன்றாகிவிட்டது. அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களிடம் மறைத்து என்ன, இரண்டு கிழமை, பதினாலு நாள், நானும் குனிந்துதான் நடந்தேன். பை நிரப்புவது குனிந்து செய்கிற வேலை, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அக்கா நினைப்பு வந்துவிட்டது போல என்று அதே பக்கத்துக் காம்பராக்காரி பரிதாபப்பட்டாள். பரிதாபம் எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா? தெரியும், உங்களுக்குத் தெரியாமலா. பயம் என்ன என்பதும் அந்த இரண்டு கிழமையில்தான் எனக்குப் புரிந்தது. உங்களுக்குப் பிறகு பெயர் கொடுக்க நான் இருந்தேன். எனக்குப் பிறகு யார் இருக்கிறார்கள்? எனக்குத் தங்கச்சி இல்லை. உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி அப்போது போய்விட்டது. மீதிப் பாதியை வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் நானும் இப்படியே குனிந்து போயிருப்பேன்.

இன்று காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் எல்லாரும் வரிசையாக நின்றோம். கங்காணி பெயர் வாசித்தார். என் பெயர் வந்ததும் இருக்கேங்க என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருக்கலாம். நான் வரிசையை விட்டு முன்னால் போனேன். தலையை நிமிர்த்திக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"என் கண்ணுல வச்ச லென்ஸ் கழண்டு ஆடுதுங்க. நிமிர்ந்தா ஒழுங்காத் தெரியல. நாளைக்குக் கொழும்புக்குப் போறேன். எப்ப வேலைக்கு வருவேன்னு தெரியாது."

கங்காணி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, இதைப் போயா இத்தனை பேருக்கு முன்னால சொல்றது? உங்க வீட்டுல வேற பேரும் இல்லையே. அப்புறம் வீடு?"

"கண்ணுதாங்க முதல்ல. வீட்டைக் கேக்குறவங்க வந்து கேக்கட்டும். மூஞ்சியைப் பார்த்துப் பதில் சொல்லிக்கிறேன்."

குனியவில்லை அக்கா. நிமிர்ந்தபடியே அவரைப் பார்த்தேன். இரண்டு கங்காணியாக நின்றார். இரண்டு மூஞ்சியையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.